பல்கனி அறையும் பரமேஸ் மச்சாளும்

1

போன மாசத்தோடை எனக்கும் என்ரை மனுசனுக்கும் கலியாணம் முடிஞ்சு முப்பது வருசம். லண்டனிலை எங்கடை ஆக்கள் இதுக்கு மண்டபம் எடுப்பினம், மூண்டு தட்டுக் கேக் வெட்டுவினம், சிலர் ஐயரைக் கூப்பிட்டு இன்னொருக்காத் தாலியும் கட்டுவினம். எங்கடை மகள் வைஷ்ணவிக்கு உந்தக் கூத்தொண்டும் பிடிக்காது. அவள் எங்களுக்குக் கப்பலிலை இடம் போட்டுத் தந்தாள். சவுதம்டனிலை ஏறினால் நோர்வேயைச் சுத்திக் காட்டி ஏழாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிடுற உல்லாசக் கப்பல்.

தானும் கூட வாறதெண்டுதான் முதல் கதை. பிறகு லீவு கிடைக்கேல்லை எண்டாள். இஞ்சை பிள்ளையள் அப்பிடித்தான், காசு கட்டுவினம், ஆள் வராது. நான் கொஞ்சம் முகத்தை நீட்டினதுக்கு, "அம்மா, என்னைக் கில்ட்டி ஆக்காதேங்கோ" எண்டாள். அந்தச் சொல்லுக்குத் தமிழிலை என்ன எண்டு நான் யோசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை போனை வைச்சிட்டாள்.

தன்ரை இடத்துக்கு ஆளும் பிடிச்சுத் தந்தாள். இவரின்ரை அக்கா பரமேஸ்வரி, எனக்கு மச்சாள், ஊரிலை நீர்வேலியிலை இருந்து விசிட் விசாவிலை வந்து க்ரொய்டனிலை தன்ரை மகன் கபிலனோடை நிக்கிறா. புருசன் தவறி நாலைஞ்சு வருசம். "மாமி பாவம், அந்தச் சின்ன பிளாட்டுக்கையே கிடக்கிறா, அவவையும் கபிலனையும் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு வைஷ்ணவி சொல்ல, இவருக்கு வாயெல்லாம் பல்லு. எனக்குத்தான் சிரிப்பு வரேல்லை. எந்தக் கலியாணத்தின்ரை முப்பதாம் வருசத்துக்கு நாங்கள் கப்பல் ஏறப்போறமோ, அந்தக் கலியாணத்துக்கு மச்சாள் வரேல்லை. மகளுக்கு அது தெரியாது, நாங்கள் சொல்லேல்லை.

2

ஊரிலை இருந்து வாசிக்கிற உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்டாலும் இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு ஆரும் இதை வாசிச்சுக் காட்டுவினம், அவையளுக்காகச் சொல்லுறன். நான் மயிலிட்டி, கடற்கரை ஊர். ஐயா, என்ரை அப்பா, துறையிலை மீன் ஏலம் கூறுறவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையிலை உடுத்த உடுப்போடை எழும்பி ஓடிவந்த நேரம், நீர்வேலியிலை தன்ரை வாழைத்தோட்டத்து மூலையிலை எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்தவர் இவரின்ரை தேப்பன், பிறகு எனக்கு மாமா. தோட்டத்துக் கிணறு கொட்டிலுக்குப் பக்கத்திலைதான். நாங்கள் குடத்தைக் கொண்டுபோனால் மச்சாள் ஓடிவந்து தானே அள்ளி எங்கடை குடத்துக்கை ஊத்திவிடுவா. எனக்கு அப்ப பதினெட்டு வயது. என்ன தங்கமான மனுசி, எங்களைக் கயிறு பிடிக்கக்கூட விடுறாவில்லை எண்டு அம்மாட்டைப் புகழ்ந்து புழுகினன். அம்மா ஒரு மாதிரிச் சிரிச்சா. நாங்கள் வாளியைத் தொடக்கூடாது எண்டதுதான் விசயம் எண்டு எனக்கு விளங்க ஒரு கிழமை பிடிச்சுது.

சாதி எண்ட சொல்லை அங்கை ஒருத்தரும் வாயாலை எடுத்ததில்லை. அவை தோட்டக்காரர், நாங்கள் கடற்கரை ஆக்கள், அவ்வளவுதான் கதை. இந்த மனுசன் வாழைக்குலை ஏத்துற சாட்டிலை கொட்டில் பக்கம் வந்து வந்து, கடைசியிலை அஞ்சு வருசம் கழிச்சு என்னைக் கட்டினார். கலியாணத்திலை எங்கடை பக்கம் முப்பது பேர். இவரின்ரை பக்கம் இவரும் ஒரு சிநேகிதனும். தேப்பன் ஒருத்தரையும் விடேல்லையாம், அதாலை தமக்கையும் வரேல்லையாம் எண்டு இவர் சொன்னார். மாமாவை நான் அண்டைக்குத் திட்டத் தொடங்கினனான். அவர் செத்த பிறகும் நிப்பாட்டேல்லை.

மச்சாள் லண்டனுக்கு வந்தாப்போலை நாலு தரம் எங்கடை வீட்டுக்கு வந்தவ. முதல் தரம் வெள்ளிக்கிழமை, விரதம். இரண்டாம் தரம் சதுர்த்தி. மூண்டாம் தரம் பிரதோசம். நாலாந்தரம் நான் முதல்நாளே கலண்டரை எடுத்துப் பாத்தன், ஒண்டுமே இல்லை. புட்டவிச்சு, கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சு, வாசலிலை காத்து நிண்டன். மச்சாள் வந்து கதிரையிலை இருந்துகொண்டு வயித்துக்கை சரியில்லை எண்டா. விரதகாரர் எண்டாலும் தண்ணி குடிப்பினம், இவ அதுக்கும் கைப்பைக்குள்ளை ஒரு போத்தல் கொண்டுவந்தவ. கபிலன் வெக்கத்திலை இரண்டு பேரின்ரை சாப்பாட்டைத் தான் ஒருத்தனாய்ச் சாப்பிட்டான். அந்தப் பெடியனுக்கு அண்டைக்குத்தான் உண்மையிலை வயித்துக்கை சரியில்லாமல் போனது.

எனக்கு வேண்டினது பெரிய விசயமில்லை. இந்த மனுசி ஊருக்குத் திரும்பிறதுக்கிடையிலை என்ரை கையாலை ஏதாவது ஒண்டு வாங்கி வாயிலை வைக்கோணும். ஒரு வாய் தேத்தண்ணி எண்டாலும் காணும்.

3

நோர்வேயிலை இறங்க மச்சாளுக்கு இன்னொரு விசா எடுக்க வேண்டியிருந்தது. வங்கிப் புத்தகம், காணி உறுதி, செத்த புருசனின்ரை மரணப் பத்திரம், அதின்ரை மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் சரியாய்த்தான் மொழிபெயர்த்தார் எண்டு இன்னொரு கடிதம். கப்பலிலை கூட வாற ஆக்களுக்கும் உங்களுக்கும் என்ன உறவு எண்டு விண்ணப்பத்திலை ஒரு கேள்வி. கபிலன் குடும்பம் எண்டு அடிச்சானாம். மச்சாள் கண்ணாடியை இறக்கிப் பாத்திட்டு, அப்பிடித்தான் போடோணுமோ எண்டு கேட்டாவாம். கபிலன் இதைப் பகிடியாய்த்தான் எனக்குச் சொன்னான். நானும் சிரிச்சன். சிரிச்சுப்போட்டுக் குசினிக்கை போய், ஏற்கெனவே கழுவின சட்டியை இன்னொருக்காத் தேய்ச்சன்.

அந்த நேரம்தான் கப்பல் கொம்பனியிலை இருந்து இவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மகள் எங்களுக்குப் போட்டுத் தந்தது உள்பக்கத்து அறையள் இரண்டு. யன்னல் கிடையாது. இதைவிட நல்ல அறை வேணுமெண்டால் நீங்கள் எவ்வளவு தருவியள் எண்டு கேளுங்கோ, எங்களுக்குச் சரியெண்டால் தருவம் எண்டு எழுதியிருந்தது. திறந்தால் ஒரு படம். காரிலை வேகம் காட்டுற மணிக்கூடு மாதிரி ஒரு முள்ளு. கொஞ்சமாய்க் கேட்டால் முள்ளு சிவப்பிலை கிடக்கும், கூட்டிக் கேட்டால் பச்சைக்குப் போகும். இவர் வேலையாலை வந்து சப்பாத்தும் கழட்டாமல் அந்த முள்ளை இஞ்சாலையும் அங்காலையும் இழுத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார்.

நீர்வேலியான் ஒருத்தன் சொன்ன விலைக்குச் சாமான் வாங்கின சரித்திரம் இல்லை. இவர் லண்டனிலை பஸ்சுக்குத்தான் பேரம் பேசாமல் ஏறுறவர். இதிலை பேரம் பேச எதிரிலை ஒரு ஆளே இல்லை எண்டது இவருக்குப் பெரிய கவலை. எனக்கு வேறை கவலை. ஐயா ஏலம் கூறேக்கை விலை கேக்கிறவை எல்லாரும் ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிப்பினம். ஆர் மெய்யாக் கேக்கிறான், ஆர் சும்மா ஏத்திவிடுறான் எண்டு ஐயாவுக்குக் கண்ணைப் பாக்கத் தெரியும். வீட்டிலை கலியாணம், செத்தவீடு எண்டு நன்மை தின்மை உள்ளவன் கேட்டால் மற்றவை வாயை மூடிக்கொண்டு கடலைப் பாப்பினம், அது அங்கத்தைய மரியாதை. இஞ்சை எங்களுக்கு எதிராய் விலை கேக்கிறவன் ஆர், அவன்ரை வீட்டிலை என்ன விசேசம் எண்டு ஒண்டும் தெரியாமல் என்னண்டு கேக்கிறது? இவரிட்டைச் சொன்னதுக்கு, உனக்கு விசர் எண்டார்.

விசர் ஆருக்கு எண்டு பாருங்கோ. அக்காவை இருட்டறையிலை விட்டிட்டுத் தம்பிக்காரன் பல்கனியிலை காத்து வாங்குறதோ எண்டு இவருக்கு ஒரு நியாயம் வந்திட்டுது. அதாலை இரண்டு அறைக்கும் விலை கேக்கிறதெண்டு முடிவெடுத்தார். அக்காவின்ரை அறைக்குக் கூட, முள்ளு நல்ல பச்சை. எங்கடை அறைக்கு ஆகக் குறைஞ்சது, முள்ளு அடிச் சிவப்பு. கிடைச்சால் அக்காவுக்குக் கிடைக்கட்டும், எங்களுக்குக் கிடைக்காட்டிலும் காரியமில்லை எண்டார். சும்மா சொல்லக்கூடாது, தமக்கையிலை உசிர்.

படத்திலை முதலாம் அறை, இரண்டாம் அறை எண்டுதான் போட்டிருந்ததே தவிர பேர் போடேல்லை. இவர் ஒருத்தரையும் கேக்கேல்லை. கலியாண அழைப்பிதழிலை இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் எங்கடை ஆக்களுக்கு மூத்தவர்தானே முதல். எனவே முதலாம் அறை அக்காவின்ரை அறை. கொம்புயூட்டருக்கு ஆர் அக்கா, ஆர் தம்பி எண்டு தெரியுமோ? அது இடம் போட்ட ஒழுங்கிலை எங்களை முதலாவதாய் வைச்சிருந்தது. சத்தியமாய் எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பியோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

4

கப்பலுக்குப் பத்து நாள் இருக்க இரண்டு மின்னஞ்சல் வந்தது. எங்களுக்குப் பல்கனி. அக்காவுக்கு மனவருத்தத்தோடை இல்லையாம். இவர் கதிரையிலை இருந்தபடியே வேர்த்துக் கொட்டிப்போனார். அதோடை அந்த விலை அறைக்கில்லை, ஆளுக்கு எண்டதும் அப்பதான் கண்ணிலை பட்டது. அதைப்பற்றி நான் மேற்கொண்டு எழுதினால் குடும்பத்துக்கை பிரச்சினை வரும்.

கொம்பனிக்குப் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்டம். பிறகு ஒரு பிள்ளை வந்து, ஏற்ற விலையை மாத்தேலாது, அறையையும் மாத்தேலாது, வேணுமெண்டால் அறைக்குள்ளை இருக்கிற ஆக்களின்ரை பேரை மாத்தித் தாறன் எண்டாள். அப்ப அக்காவையும் கபிலனையும் பல்கனிக்குப் போடுங்கோ எண்டார் இவர். அந்தப் பிள்ளை பாத்திட்டு, அந்த அறையிலை ஒரே ஒரு பெரிய கட்டில், பிரிக்கேலாத கட்டில், தாயும் முப்பத்தஞ்சு வயது மகனுமோ எண்டு கேட்டாள். இவர் என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தார். முப்பது வருசத்திலை அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பொம்பிளையள் இரண்டு பேரும் மேலை பல்கனி அறை, மாமனும் மருமகனும் கீழை இருட்டறை எண்டு முடிஞ்சுது.

இதுக்கிடையிலை மச்சாளுக்கு விசயம் போட்டுது. போனிலை என்னோடை நல்ல இனிப்பாய்த்தான் கதைச்சா. அதுக்கென்ன, நீங்கள் கொண்டாட்டக்காரர், உங்களுக்குத்தானே முதல் எண்டா. நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டன், விளங்கப்படுத்த விளங்கப்படுத்த நான்தான் திட்டம்போட்டுச் செய்தது மாதிரி எனக்கே கேட்டது. விட்டிட்டன்.

கப்பலிலை ஏறி, ஒன்பதாம் தட்டிலை எங்கடை அறைக் கதவைத் திறந்தம். அறை துப்பரவாக்கிற ஆள் ஒரு பிலிப்பைன்ஸ் பெடியன். எங்கடை கலியாணநாள் எண்டு மகள் எழுதிப்போட்டதை ஆரோ அவனுக்குக் குடுத்திருக்கினம். கட்டில் முழுக்கச் சிவப்புக் கடுதாசிப் பூவிதழ். நடுவிலை வெள்ளைத் துவாயாலை செய்த இரண்டு அன்னம், சொண்டோடை சொண்டு வைச்சுக்கொண்டு நிண்டது. மேலை ஒரு வாழ்த்து மட்டை. அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பாத்தான். பிறகு முகமெல்லாம் மரியாதையோடை இரண்டு பேருக்கும் கை குடுத்து வாழ்த்துச் சொன்னான்.

மச்சாளுக்கு இங்கிலீஷ் விளங்காட்டிலும் அன்னம் விளங்கினது. அவ தன்ரை கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, உவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்டா. எங்களை நல்லா இருக்கச் சொல்லுறான் எண்டன். மச்சாள் ஒரு அன்னத்தைக் கழுத்திலை பிடிச்சுத் தூக்கி, உதறி, மடிச்சு, துவாயாக்கிக் குளியலறையிலை கொண்டுபோய்க் கொழுவினா. மற்றதை நான் செய்தன். முப்பது வருசத்திலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

5

கப்பலிலை சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பதினோராம் தட்டிலை காலமை தொடங்கினால் நிப்பாட்டுறேல்லை. ஆர் சமைச்சது, எந்த ஊர், என்ன ஆள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. மச்சாளும் கேக்கேல்லை. முதல்நாள் மத்தியானம் அவ உருளைக்கிழங்கும் பாணும் பருப்பும் போட்டு நல்லாச் சாப்பிட்டா. இரண்டாம் தரமும் எழும்பிப் போனா. நான் கலண்டரை நினைச்சுப் பாத்தன், அண்டைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் எழும்பிப்போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி எடுத்தன். எடுத்தன் எண்டால், மெசினுக்குக் கீழை கோப்பையை வைச்சு ஒரு பொத்தானை அமத்தினன். நான் ஊத்தேல்லை, ஆத்தேல்லை, கரண்டிகூடப் போடேல்லை. கொண்டுவந்து ஒண்டை மச்சாளுக்கு முன்னாலை வைச்சன். அவ நல்ல புன்னகையோடை தலையை ஆட்டினா. கதைச்சா, கடலைப் பாத்தா, நீர்வேலியிலை குரங்கு வந்து வாழைக்குலை முறிக்கிற கதை சொன்னா. தேத்தண்ணி ஆறிக்கொண்டு போச்சுது. கொஞ்சநேரத்தாலை அவ எழும்பி, அதே மெசினடிக்குப் போய், அதே பொத்தானைத் தானே அமத்தி, ஒரு கோப்பை கொண்டுவந்து வைச்சுக் குடிச்சா.

இவர் அதைக் கண்டவர். கண்டிட்டு யன்னலாலை பாத்து, அந்தா ஒரு கப்பல் போகுது எண்டார். எங்கடை மேசையிலை அப்ப கபிலன் மட்டும்தான் என்ரை முகத்தைப் பாத்தான். பெடியனுக்குக் கண் கலங்கிப்போச்சுது. அவன் அந்த ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சிலை குடிச்சான். எனக்கு அழுகை வரேல்லை, விசர்க்கோபம் வந்தது. இந்த மனுசியோடை இன்னும் ஆறு நாள் ஒரே கட்டிலிலை படுக்கோணும்.

6

அடுத்தநாள் விடிய வட கடல் தன்ரை குணத்தைக் காட்டத் தொடங்கினது. அறையிலை அலுமாரிக் கதவு தானாய்த் திறந்து தானாய்ச் சாத்துது. நடைபாதையிலை கைபிடிக் கம்பி வழிய சத்தி எடுக்கிறதுக்குக் கடுதாசிப் பை செருகி விட்டிருந்தினம்.

இப்ப நீங்கள் என்ன நினைப்பியள் எண்டு தெரியும். மயிலிட்டிக்காரி நிமிர்ந்து நிப்பாள், தோட்டக்காரி விழுந்து கிடப்பாள். நானும் அப்பிடித்தான் நினைச்சன், கொஞ்சம் ஆசைப்பட்டனெண்டும் சொல்லலாம். ஆனால் எங்கடை பக்கத்திலை கடலுக்குப் போறது ஆம்பிளையள். நான் பதினெட்டு வயது மட்டும் கரையிலை நிண்டு வள்ளத்தைப் பாத்தனே தவிர ஒருநாளும் ஏறினதில்லை. மச்சாள் காலமை எழும்பி, முகம் கழுவி, திருநீறு பூசி, நட்ட கட்டை மாதிரி நிண்டா. நான் கட்டிலிலை இருந்து தலையைத் தூக்கேல்லை, குடல் வாய்க்கு வந்திட்டுது.

முதல் சத்தி நான் போட்டிருந்த சோட்டியிலை. இரண்டாவது நிலத்திலை. மூண்டாவதுக்கு மச்சாள் குப்பைக் கூடையைக் கொண்டுவந்து என்ரை நாடிக்குக் கீழை பிடிச்சா. நான் வெக்கத்திலை, விடுங்கோ, இவரைக் கூப்பிடுங்கோ எண்டன். இவர் கீழை இருட்டறையிலை அதைவிட மோசமாய்க் கிடக்கிறாராம், கபிலன் பாத்துக்கொண்டு நிக்கிறான் எண்டா. அவ என்ரை தலைமயிரை அள்ளி முடிஞ்சா. சோட்டியைக் கழட்டி வேறை போட்டுவிட்டா. நிலத்தைத் துடைச்சா. குளியலறையிலை அவ என்ரை சோட்டியை அலம்புற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன். நன்றி சொல்ல வேணும்போலையும் இருந்தது, நேற்றையான் தேத்தண்ணியை நினைக்க எட்டி உதைக்க வேணும்போலையும் இருந்தது.

பத்து மணிபோலை அந்தப் பிலிப்பைன்ஸ் பெடியன் இரண்டு பச்சை அப்பிளும் உப்பு விசுக்கோத்தும் கொண்டுவந்து தந்தான். கடல் பிரட்டுக்கு அதுதான் மருந்தாம். எங்களைப் பாக்க மேலை ஏறிவந்த கபிலன் அதிலை ஒரு அப்பிளை மாமனுக்கெண்டு வாங்கிக்கொண்டு போனான். மற்றதை மச்சாள் என்ரை கையிலை வைச்சு, கடி எண்டா. ஒரு கடி கடிச்சன். மெல்ல மெல்ல இறங்கினது. இன்னொரு கடி. பிறகு ஏலாமல் கட்டில்தலைப்பிலை வைச்சிட்டுச் சரிஞ்சன்.

கண்ணை முழிச்சுப் பாக்கேக்கை ஆட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது. மச்சாள் கட்டில் விளிம்பிலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. நறுக் நறுக் எண்டு ஒரு சத்தம். அவ அப்பிள் தின்னுறா. கட்டில்தலைப்பைப் பாத்தன், அங்கை என்ரை அப்பிள் இல்லை.

சொல்லாமல் விட்டால் அவ தெரியாமல் தின்னுறதாய்ப் போகும், அது எனக்கு வேண்டாம்.

"மச்சாள், அது நான் கடிச்சது."

அவ திரும்பேல்லை. வாயிலை கிடந்ததைச் சப்பி விழுங்கினா.

"தெரியும்" எண்டா. "எனக்குப் பசிக்குது. விடிய எழும்பினதிலை இருந்து உன்னோடை நிக்கிறன்."

பிறகு மிச்சத்தையும் கொட்டை வரைக்கும் தின்னு முடிச்சா.

7

நான் அழுதன், மறைக்கேல்லை. மச்சாள் கடுதாசித் துவாயை எடுத்து நீட்டினா. எனக்கு மனம் இளகிப்போச்சுது. இளகினால் எங்கடை ஆக்களுக்கு வாய் திறக்கும். நான் சொன்னன், மச்சாள், நான் உங்களிலை பிழை சொல்லேல்லை, கலியாணத்துக்கு வர உங்களுக்கு மனமிருந்திருக்கும், மாமாதான் விடேல்லை எண்டு எனக்குத் தெரியும். பெரிய மனசு பண்ணிச் சொல்லுற எண்ணம் எனக்கு.

மச்சாள் பல்கனிக் கண்ணாடிப் பக்கம் திரும்பினா. வெளியிலை சாம்பல் கடல்தான், வேறை ஒண்டுமில்லை.

"எங்கடை ஐயா வேட்டி சால்வையோடை வெளிக்கிட்டு நிண்டவர்" எண்டா. "நான்தான் படலையைப் பூட்டித் துறப்பை இடுப்பிலை செருகினனான். போறதெண்டால் என்னைத் தாண்டிப் போங்கோ எண்டு நிண்டனான். ஐயா திரும்பிப்போய்க் கதிரையிலை இருந்தவர். பிறகு என்னோடை அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கேல்லை. தம்பியிட்டையும் சொல்லேல்லை. பழியைத் தானே வைச்சுக்கொண்டு போட்டார்."

எனக்கு வயித்துப் பிரட்டு எங்கை போனதெண்டு தெரியாது. நிமிர்ந்து எழும்பி இருந்தன். முப்பது வருசம் நான் அந்த மனுசனைத் திட்டியிருக்கிறன். அவர் செத்த செய்தி வந்த அண்டைக்கு இவர் தேம்பித் தேம்பி அழ, நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சோறு வடிச்சனான். வைஷ்ணவிக்கு அப்பப்பாவின்ரை படத்தைக்கூட நான் வீட்டிலை மாட்ட விடேல்லை. எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்த மனுசன், வேட்டி சால்வையோடை என்ரை கலியாணத்துக்கு வெளிக்கிட்டு நிண்ட மனுசன்.

வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டன். எழுதக்கூடியதை எழுதுறன். நீங்கள் ஒரு பொம்பிளையோ எண்டு கேட்டன். உங்களுக்கு நான் என்ன செய்தனான் எண்டு கேட்டன். மெசினிலை வாற தேத்தண்ணியிலை என்ன தீட்டு எண்டு கேட்டன். மச்சாளும் சும்மா இருக்கேல்லை. தன்ரை ஒரேயொரு தம்பியை நான் கொண்டுபோட்டன், ஊர் தன்ரை முகத்துக்கு நேரை சிரிச்சது, புருசன்ரை வீட்டாக்கள் ஒரு வருசம் வாசல் மிதிக்கேல்லை எண்டா. அப்ப அந்த ஊருக்குப் பயந்துதான் இண்டைக்கும் போத்தலிலை தண்ணி காவிக்கொண்டு திரியிறியளோ, லண்டனிலை ஆர் பாக்கினம் எண்டு கேட்டன். பழகிப்போச்சு எண்டா, சத்தமில்லாமல். பழகிப்போச்சு எண்டால் சரியோ எண்டு நான் இன்னும் சத்தமாய்க் கேட்டன்.

அந்த நேரம் பாத்து அறைப் போன் அடிச்சுது. இவர்தான். குரல் கொஞ்சம் தெளிஞ்சிருந்தது, அதோடை சந்தோசத்திலை ஒரு புழுகம். கீழை அலுவலகத்திலை கூப்பிட்டுச் சொன்னவையாம், பல்கனி அறை எடுத்திருந்த ஆரோ ஒரு சோடி கப்பலுக்கே வரேல்லையாம், அந்த அறை சும்மா கிடக்காம், பிரிக்கக்கூடிய கட்டிலாம். தான் பேரம் பேசிப் பாதி விலைக்கு இறக்கிப்போட்டாராம். அக்காவும் கபிலனும் அங்கை போகட்டும், நான் மேலை உன்னட்டை வாறன், முப்பதாம் வருசத்தைப் பல்கனியிலை கொண்டாடுவம், உடனை மறுமொழி சொல்லோணும், ஆள் முன்னாலை நிக்கிறான் எண்டார்.

இவர் எப்பவும் கொஞ்சம் பலத்துக் கதைக்கிறவர். மச்சாளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவ எழும்பி நிண்டு, கதிரையிலை கிடந்த தன்ரை கைப்பையைக் கையிலை எடுத்தா. என்னைப் பாக்கேல்லை. போகச் சொன்னால் போவா, பிறகு மிச்ச நாளும் நல்ல இனிப்பாய்க் கதைப்பா, ஊருக்குப் போவா, எங்கள் இரண்டு பேரிலை ஒருத்தர் செத்தால் மற்றவவுக்குச் செய்தி வரும். எனக்கு அது நல்லா விளங்கினது.

"வேண்டாமப்பா" எண்டன். "நாங்கள் இன்னும் சண்டை பிடிச்சு முடியேல்லை."

போனை வைச்சன். மச்சாள் கைப்பையைத் திரும்பக் கதிரையிலை போட்டிட்டுக் கட்டிலிலை ஏறி, எனக்கு நேரை சம்மணம் கட்டி இருந்தா.